விளைவும் வினையும்

அர்ஜுனா நதியின் நீர்த்தேக்கத்தால் பெயர்பெற்ற ஆனைக்குட்டத்தையும் அதைச் சூழ்ந்த பட்டாசுத் தொழிற் கிராமங்களையும் சேர்ந்த இளைஞர்கள், வங்கிப் பணி முதலிய தேர்வுகளுக்குப் படிக்கையில் எதிர்ப்படும் கணக்கு வகைகளுள் ஒன்று தத்துவ விசாரணைக்கு மிக அணுக்கமானது. அது விடையைக் கேட்பதில்லை. இரண்டு கூற்றுகளைத் தந்து, விடை காண அவை தனித்தனியே போதுமா, சேர்ந்தால் போதுமா, சேர்ந்தும் போதாவா என்று மட்டுமே வினவுகிறது.

ஓர் எண்ணின் வர்க்கம் 9 என்றால், அவ்வெண் 3 ஆகவும் இருக்கலாம், −3 ஆகவும் இருக்கலாம். ஆதலின் அக்கூற்று போதாது. அதன் கனம் 27 என்றாலோ, மெய்யெண்களுள் 3 ஒன்றே பொருந்துவதால் அது போதும். இரட்டைப்படை அடுக்கு மூலத்தின் குறியை மறைக்கிறது. ஒற்றைப்படை அடுக்கு அதைக் காக்கிறது. பூச்சிய அடுக்கோ, பூச்சியமல்லாத எல்லா எண்களையும் 1 ஆக்கி, மூலத்தின் சுவடே இல்லாமற் செய்துவிடுகிறது. எண்ணிலிருந்து அதன் அடுக்குக்குச் செல்லும் வழி ஒன்றே. திரும்பும் வழிகளோ பலவாகலாம்.

இந்த நியாயத்தை நம் தேசத்துத் தர்க்க சாஸ்திரிகள் நெருப்பையும் புகையையும் கொண்டு விளக்கினர். புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கலாம். நெருப்பைக் கண்டு புகையை அனுமானிக்கலாகாது. ஏனெனில் பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை. ஈர விறகு என்னும் உபாதி, அதாவது கூடுதல் நிபந்தனை, சேர்ந்தாலன்றி அந்த அனுமானம் நிற்காது. மணிமேகலை அளவைகளை விரித்துரைப்பதும், அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவையை முதலில் வைத்ததும், உண்மையைச் சொல்லுமுன் அதை அறியும் கருவியைச் சோதிக்க வேண்டும் என்ற பொறுப்புணர்ச்சியாலேயே என்று நான் கருதுகிறேன்.

கன்மக் கொள்கைக்கும் இச்சோதனை வேண்டும். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5ஆம் நாள் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய துக்கங்களின் முன் நின்று, ‘முற்பிறவிப் பாவம்’ என்று கூறிவிடுவார் உளர். வினை உண்டு, அதற்குப் பயனும் உண்டு என்று முழு மனத்துடன் ஒப்புக்கொண்டாலும், வினையிலிருந்து பயனுக்குச் செல்லும் அந்நியதி, கண்முன் நிற்கும் துன்பத்திலிருந்து காணாத வினையைக் கணித்துரைக்கும் உரிமையை எவருக்கும் அளிப்பதில்லை. வினைப்பயன் சிந்தனைக்கு எட்டாத நான்கனுள் ஒன்று என்று பௌத்த நிகாயங்களும் எச்சரிக்கின்றன. கணவனை இழந்தவளின் கண்ணீர் என்னும் ஒரே கூற்றிலிருந்து அவளுடைய பிறவிகளின் கணக்கை எழுதுகிறவன், வர்க்கத்தை மட்டும் கண்டு மூலத்தின் குறியைச் சாதிக்கிறான். அறிவில் பிழைப்பதோடு கருணையிலும் பிழைக்கிறான்.

‘போதாது’ என்பது அக்கணக்குகளில் முழுமையான, சரியான விடை. சமய வாழ்விலும் அவ்வாறே மதிக்கத்தக்கது. ஆயினும் அது சோம்பலுக்கு இடமன்று. பிறவிகளைப் பற்றிய இரண்டாம் கூற்று நமக்குக் கிட்டாதாயினும், மருந்துக் கலவை எவ்வாறு உராய்ந்தது, அறையில் எத்தனை பேர் நெருக்கப்பட்டிருந்தனர், வெயிலின் கடுமை எத்தகையது என்பனவற்றை விசாரித்து அறிய முடியும். அறிய முடியாத வினையைப் பற்றி மௌனமும், அறியக்கூடிய காரணத்தைப் பற்றி ஓயாத விசாரணையும் கொள்வதே, வினைக்குப் பயனுண்டு என்று மெய்யாக நம்புகிறவனின் தருமமாகும்.