கடைக்காரர் காசு வேண்டாம் என்கிறார்

ஜொகூரில் பாரசீகம் படிக்க உட்கார்ந்தால் பாதி சொற்கள் ஏற்கெனவே பழகியவை போல் இருக்கும். 1956இல் ஜொகூர் பாருவில் பாலாய் புஸ்தகாவாகத் தொடங்கிய டேவான் பஹாசா டான் புஸ்தகாவின் 'டேவான்', நம்ம 'திவான்' இரண்டும் பாரசீகம்தான். நகரம் என்று மலாயில் வழங்கும் 'பண்டார்' அங்கே துறைமுகம். இப்படிச் சில சொற்கள் வியாபாரிகளோடு பேசிப் பேசி வந்து சேர்ந்தவை.

இப்போது மெய்நிகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் தெஹ்ரான் கடைத்தெருவையே முன்னால் விரிக்கலாம். செயற்கை நுண்ணறிவுக் கடைக்காரர் சலிக்காமல் பேசுவார், தப்பா உச்சரித்தாலும் சிரிக்கமாட்டார். கூச்சப்படுகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை, ஒத்துக்கணும்.

சிக்கல் தாரோஃபில் வருகிறது. விலை கேட்டால் ஈரானியக் கடைக்காரர், உங்களுக்குக் கொடுக்க இதெல்லாம் ஒரு பொருளா, எடுத்துக்கோங்க என்பார். நிஜமாகவே எடுத்துக்கொண்டு நடந்தால் அசிங்கம். வற்புறுத்திக் காசைக் கொடுக்க வேண்டும். "சாப்ட்டுட்டுப் போங்க", "இல்ல, இப்பதான் சாப்ட்டேன்" என்று வளர்ந்த நமக்கு இது புதுசில்லை. 2025இல் வந்த தாரோஃப்பெஞ்ச் ஆய்வில் மொழி மாதிரிகள் இந்த இடத்தில் தாய்மொழிக்காரர்களைவிட வெகுவாகச் சறுக்கின.

அதைத் திருத்திவிடலாம். என் சந்தேகம் வேற. திருத்திய இயந்திரம் காசு வேண்டாம் என்னும்போது அதற்கு இழக்க ஒன்றுமில்லை. நான் எடுத்துக்கொண்டு போனாலும் அதன் முகம் வாடாது. அந்த வாட்டத்துக்குப் பயந்துதானே இந்த மரியாதையே? நூறு முறை பழகிய மாணவர் நிஜக் கடையில் சரியாகவே பேசுவார். ஆனா மூன்றாவது முறையும் வேண்டாம் என்கிற பெரியவர் சம்பிரதாயத்துக்குச் சொல்றாரா, மனசாரக் குடுக்க நினைக்கிறாரா? அவர் முகத்தைப் பார்த்துதான் கண்டுபிடிக்கணும்.