வாக்கியம் முந்தியதா, சொல் முந்தியதா?

அன்றாடப் பேச்சுக்கான ஆங்கிலத்தைக் கற்பிக்க இரண்டு வழிகள் உண்டு. சொற்களைச் சேர்த்துக்கொண்டு, இலக்கண விதிப்படி அவற்றைக் கோக்கப் பழகுவது ஒரு வழி. 'கேன் ஐ ஹேவ் எ டிக்கெட்?' என்ற வாக்கியத்தை முழுதாகப் பழகி, டிக்கெட் இருந்த இடத்தில் காபி, பென் என்று மாற்றிச் சொல்வது இன்னொரு வழி. இரண்டுக்கும் அடியில் கிடப்பது பழைய தத்துவக் கேள்வி ஒன்று: பொருள் முதலில் சொல்லில் இருக்கிறதா, வாக்கியத்தில் இருக்கிறதா?

இந்தியாவில் இதை மிகக் கூர்மையாக ஆராய்ந்தவர்கள் மீமாம்சகர்கள். வேதத்தின் விதி வாக்கியங்களிலிருந்து கடமை எப்படி அறியப்படுகிறது என்பது அவர்களுடைய கவலை. எனவே வாக்கியப் பொருள் அவர்களுக்குச் சமயப் பிரச்சினையே. குமாரிலபட்டர் வழியினர், சொற்கள் முதலில் தத்தம் பொருளை உணர்த்துகின்றன, பிறகு அவாய்நிலை (ஒரு சொல் மற்றொன்றை வேண்டி நிற்பது), தகுதி (பொருள்கள் பொருந்துவது), அண்மை (அருகருகே வருவது) ஆகியவற்றால் அப்பொருள்கள் இணைகின்றன என்றனர். பிரபாகரர் வழியினர் இதை ஏற்கவில்லை. மற்றொன்றோடு இயைந்த நிலையில்தான் சொல் பொருள் தரும் என்பது அவர்கள் வாதம்.

அதற்கு அவர்கள் குழந்தையைச் சான்றாகக் காட்டினர். பெரியவர் ஒருவர் "பசுவைக் கொண்டு வா" என்கிறார். கேட்டவர் கொண்டு வருகிறார். பிறகு "பசுவைக் கட்டு" என்கிறார், "குதிரையைக் கொண்டு வா" என்கிறார். எது மாறியது, எது நின்றது என்று கவனித்தே குழந்தை பசுவையும் குதிரையையும் பிரித்தறிகிறது.

ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் ஹரால்டு பால்மர் 1916இல் வெளியிட்ட, வாக்கியத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்றிப் பழக உதவும் ஆங்கிலப் பதிலீட்டு அட்டவணைகளில் வேலை செய்வது இதே நிற்றலும் மாறுதலும்தான். அதே துறையைச் சேர்ந்த ஏ. எஸ். ஹார்ன்பி 1954இல் வெளியிட்ட நூலில் ஆங்கில வினைகளை 25 வாக்கிய அமைப்புகளாக வகுத்தார். வாக்கிய அமைப்புகளைப் பழகும் இம்முறையில் தமிழருக்குத் தனிப் பயன் உண்டு. 'ராமன் கண்ணனைப் பார்த்தான்' என்பதில் பெயர்களை இடம் மாற்றினாலும் உருபு பொருளைக் காக்கும். 'ராமன் சா (saw) கண்ணன்' என்ற ஆங்கில வாக்கியத்தில் மாற்றினால் பார்த்தவன் பார்க்கப்பட்டவனாகிவிடுவான். இடமே வேற்றுமையின் வேலையைச் செய்யும் மொழியை வாக்கியமாகக் கற்பதே பொருத்தம்.

சென்னை மாநிலத்தில் 1950களின் இறுதியில், ஆயிரக்கணக்கான தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த அமைப்புமுறையில் பயிற்சி தரும் பெருமுயற்சி நடந்தது. ஆனால் வகுப்பறையில் அட்டவணை தங்கியது, பசுவைக் கொண்டுவரச் சொன்னவர் காணாமல் போனார். எல்லோர் கண்ணெதிரிலும் இருக்கும் புத்தகத்தைக் காட்டி 'திஸ் இஸ் எ புக்' என்று நாற்பது பிள்ளைகள் சேர்ந்து சொல்லும்போது, அச்செய்தி யாருக்கும் தேவையில்லை. பிரபாகரரின் குழந்தை கேட்பதோ ஒருவரைச் செயலுக்கு ஏவும் வாக்கியம். அந்த ஏவல்தான் அவர் கொள்கையின் உயிர். அதை விட்டுவிட்டு வெறும் வடிவத்தைப் பழக்குவது வாக்கியத்தையே கைவிடுவதாகும். இதற்கு மாறாக, ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என். எஸ். பிரபு 1979இல் பெங்களூரில் தொடங்கிய திட்டம், அமைப்புகளை வரிசைப்படுத்துவதை விட்டு, ரயில் அட்டவணை படித்தல், வரைபடத்தில் வழி காணல் போன்ற வேலைகளை மாணவருக்குக் கொடுத்தது.

குமாரிலர் தரப்பின் மறுப்பு இன்றும் வலுவானது. சொல்லுக்குத் தனிப்பொருள் இல்லையென்றால், இதுவரை கேட்டிராத வாக்கியம் எப்படிப் புரியும்? மொழி பழக்கத்தால் வருவது என்ற உளவியலாளர் ஸ்கின்னரின் கொள்கையை மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1959இல் மறுத்தபோதும், கேட்டிராத வாக்கியத்தைப் புரிந்துகொள்ளும் இந்தத் திறன் முக்கிய வாதங்களில் ஒன்றாக நின்றது. பிரபாகரர் தரப்பின் விடை: சொல் தனக்குத் தகுந்த எதனோடும் இயையும் பொதுத்தன்மையோடுதான் கற்கப்படுகிறது, எதனோடு என்பதை அருகில் வரும் சொல் முடிவு செய்கிறது. 'கேன் ஐ ஹேவ்' பழகியவர் அதுவரை கேட்காத ஒரு பண்டத்தைக் கடையில் கேட்க முடிவது இதனால்தான்.