நோய்க் கதையில் வில்லன் யார்?

கொள்ளைநோய்க்கு முகம் கிடையாது. கதைக்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது. அதற்காக எதிரி ஒருவனைப் படைத்துவிடுவது சுலபம். 2011 தீபாவளிக்கு வந்த ‘ஏழாம் அறிவு’ படத்தில், சீனாவிலிருந்து வந்தவன் சென்னைத் தெருநாய்க்குக் கிருமியை ஏற்றுகிறான். பொழுதுபோக்குத்தானே என்று விட்டிருக்கலாம். 2020இல் நிஜமாகவே நோய் வந்தபோது, முகச்சாயலைப் பார்த்து வடகிழக்கு மாநிலத்தவரை ஒதுக்கினார்கள். சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் கல்லெறிந்தார்கள். இதற்கெல்லாம் ஒரு படத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. ஆனாலும், கொண்டுவந்தவன் யார் என்று தேடும் புத்திக்குக் கதைகள் தீனி போட்டிருக்கின்றன.

அந்த ஆண்டு அக்டோபரில் அமேசான் பிரைமில் வெளியான ‘புத்தம் புதுக் காலை’ அந்தத் தவற்றைச் செய்யவில்லை. முதல் 21 நாள் ஊரடங்கைப் பற்றி ஐந்து இயக்குநர்கள் எடுத்த ஐந்து குறும்படங்கள். கார்த்திக் சுப்பராஜின் ‘மிராக்கிள்’ மட்டும் காசில்லாத இரண்டு சில்லறைத் திருடர்களுடையது. மற்ற நான்கும் வசதியான வீடுகளில் நடக்கின்றன. படப்பிடிப்புக்கு அத்தனை கட்டுப்பாடு இருந்த காலம். வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்று குறைசொல்ல மனம் வராது. எந்த வீடு என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பல வீடுகள் பட்டாசு ஆலையின் இன்னொரு அறை. உருட்டிய காகிதக் குழாய்களின் எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஆலையைப் பூட்டினால் திண்ணையிலும் வேலை நின்றுபோகும், வாங்கிய முன்பணம் மட்டும் கழியாமல் நிற்கும்.

பிறகு நவம்பர் வந்தது. கொரோனா நோயாளிகளின் நுரையீரலைப் புகை வதைக்கும் என்று ராஜஸ்தான் அரசு பட்டாசு விற்பனையைத் தடை செய்தது. தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் தில்லி வட்டாரத்தில் தடை விதித்தது. மூச்சுக்குத் திணறுகிறவருக்காக எடுத்த அந்த முடிவு சரியானதே. அதன் விலையில் ஒரு பங்கைக் குழாய் உருட்டிய கை கொடுத்தது. ஜெய்ப்பூர் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் சாத்தூர்த் திண்ணைக்கும் நடுவே எந்த வில்லனும் கிடையாது. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. செய்தித்தாளில் இவை வெவ்வேறு பக்கங்களில் வரும். இரண்டு பேரையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்து, யாரையும் தோற்கடிக்காமல் சொல்லப் புனைவுக்குத்தான் வசதி இருக்கிறது. அந்த வசதி இருக்கும்போது வில்லனைத் தேடிப் போவது வீண் வேலை.

ஏழ்மையைக் காட்டிக் கண்ணீர் வாங்குவதும் சுரண்டல்தானே என்பார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் கண்ணீரைக் காட்டுவது வேறு, கூலிக் கணக்கைக் காட்டுவது வேறு. எத்தனை குழாய்க்கு எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று கதை கூசாமல் கேட்டால் பார்வையாளர் பரிதாபத்தோடு எழுந்துபோக முடியாது.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொரோனாச் சாவுக் கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள். பெருந்தொற்றுக் காலத்தைச் சொல்லும் கதையில் அவர்கள் வரத்தான் வேண்டும், கிருமி தொடாதவர்களாகவே.