யோசேப்பு ஏன் அழுதார்?



நெல்லியடிச் சந்தையில் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முகம் பாராமல் கடந்து போகிறார். மனம் தெளிந்திருக்கும் நாளில் அது ஒரு பொருட்டல்ல. பஸ்ஸுக்கு ஓடுகிறார் போலும் என்று விட்டுவிடுவீர்கள். மனம் சோர்ந்திருக்கும் நாளிலோ, கரவெட்டிக்கு வந்து வீட்டுப் படலையைத் திறப்பதற்குள் ஒரு வழக்கே நடந்து முடிந்துவிடும். சீட்டுக்காசு பிந்தியதை மனதில் வைத்திருக்கிறார், என்னை மதிக்கவில்லை, இனிப் பூசையிலும் என் பக்கம் திரும்பமாட்டார்! சாட்சி இல்லை, விசாரணை இல்லை. தீர்ப்பு மட்டும் உண்டு.

தொடக்க நூலின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யாக்கோபு இறந்ததும் யோசேப்பின் சகோதரர்களைப் பயம் பிடிக்கிறது. தகப்பனுக்காகவே பொறுத்திருந்தான், இனிப் பழிவாங்குவான் என்று தங்களுக்குள் முடிவு கட்டுகிறார்கள். யோசேப்போ அவர்களைக் கட்டி அழுது, முத்தமிட்டு, எகிப்தில் குடியேற்றி, பஞ்சத்தில் உணவளித்தவர். யாக்கோபு அங்கே வாழ்ந்ததே 17 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் கண்ணால் கண்டதைவிட, அன்று நெஞ்சில் அஞ்சியதே அவர்களுக்கு மெய்யாகத் தோன்றிற்று. நேரே வரத் துணிவில்லை. தகப்பனின் சொல்லென்று ஆளனுப்பி மன்னிப்புக் கேட்கிறார்கள். அதைக் கேட்டு யோசேப்பு அழுதார். பாழ்ங்கிணற்றில் தள்ளப்பட்ட நாளைவிட இந்த நாள்தான் அவருக்குக் கூடுதலாக நொந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

ஆனாலும் அந்தச் சகோதரர்களை முழுதாகக் குறை சொல்லமாட்டேன். சுற்றி வளைத்தென்றாலும் கேட்டுவிட்டார்களே! கேட்டபடியால்தான் அஞ்சவேண்டாம் என்ற பதிலை யோசேப்பின் வாயாலேயே பெற்றார்கள். கேளாதிருந்தால் அந்தப் பயத்தோடேயே செத்திருப்பார்கள்.

இப்படி எண்ணுவது பாவமென்று உங்களை நீங்களே வதைக்கவும் வேண்டாம். மனச்சோர்வு வந்தவரின் எண்ணங்கள் இவ்விதம் கோணலாகிவிடும் என்பதை அமெரிக்க மனநல வைத்தியர் ஆரன் பெக் 1960களிலேயே எழுதிவைத்தார். நித்திரையும் பசியும் வாரக்கணக்காகக் கெட்டிருந்தால் மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போய் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதில் வெட்கமென்ன? செபமாலையையும் கையோடு கொண்டு போகலாம்.

கனடாவிலுள்ள மகன் இரண்டு ஞாயிறாகக் கதைக்கவில்லையா? மறந்துவிட்டான் என்று விறாந்தையில் இருந்து கண்ணீர் விடுவதற்கு முன், இன்றிரவு நீங்களே அழைத்து ஒரு வார்த்தை கேளுங்கள்: “தம்பி, அம்மாவோடு ஏதும் கோவமோ?”