பிடித்தலும் விடுதலும்

இரவுணவை நீத்து, நீரை வடிகட்டிப் பருகி வாழும் இல்லத்துப் பெண், பிறரை வீழ்த்தும் கலையைக் கற்கலாமா? சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் எழுந்த வினா இது. பதின்மூன்று வயதுடைய என் பேத்தி ஓர் அறிவிப்புத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். சனி, ஞாயிறு இரு நாட்களும் ஒரு பள்ளி மைதானத்தில் பல்வகைத் தற்காப்புக் கலைகளைப் பழகிப் பார்க்கும் முகாம். கட்டணம் முழுவதும் ஓர் ஏழைச் சிறுவனின் இதய அறுவை சிகிச்சைக்குச் செல்லும் என்று அதில் கண்டிருந்தது.

என் மகன் இசையவில்லை. "தருமத்திற்குப் பணம் தரவேண்டுமானால் நேரே தந்துவிடலாமே, அம்மா. அடிதடியை ஏன் கற்க வேண்டும்?" என்றான். நியாயமான கேள்விதான். "நானும் உடன் சென்று பார்த்து வருகிறேன், பிறகு பேசுவோம்" என்று கூறி, பேத்தியை அழைத்துச் சென்றேன்.

முதல் நாள் சிலம்பம், களரி, கராத்தே. மறுநாள் ஜூடோ, அய்கிடோ. சிலம்பத்தில் கம்பைச் சுழற்றுமுன் காலடி வைக்கும் முறையைப் பழக்கினர். களரியில் முதலில் உடலைப் பண்படுத்தும் பயிற்சி, பிறகு கோல், அதன் பின்னரே இரும்பு ஆயுதம் என்று படிமுறை உண்டாம். கராத்தே என்னும் சொல்லுக்கே 'வெறுங்கை' என்பது பொருள். ஜூடோவை 1882இல் தோக்கியோ நகரின் ஒரு பௌத்த ஆலயத்தில் தொடங்கியவர் கானோ ஜிகோரோ. அவரும் என்னைப் போல் ஆசிரியரே. ஜூடோவின் 'ஜூ' என்பது மென்மையை, வளைந்துகொடுத்தலைக் குறிக்கும்.

அக்கலையில் முதலில் வீழ்த்தக் கற்பிப்பதில்லை, விழக் கற்பிக்கிறார்கள். மோவாயை மார்போடு ஒட்டி, கையால் விரிப்பைத் தட்டி, தலை அடிபடாமல் விழ வேண்டும். "பெரியவர்களுக்கும் இது உதவும், அம்மா" என்று பயிற்சியாளர் அழைக்க, நானும் விரிப்பின் ஓரத்தில் அமர்ந்து கையால் தட்டிப் பழகினேன். பிள்ளைகள் சிரித்தனர், நானும் சிரித்தேன்.

இங்கே நம் அறநூல்கள் கூறுவதை எண்ணிப் பார்க்க வேண்டும். இம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுப்பர் நம் ஆசிரியர்கள். மனமறிந்து துன்புறுத்தும் சங்கல்ப இம்சையை இல்லறத்தார் அறவே விடவேண்டும். தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்போது நேரும் விரோத இம்சையை இல்லறத்தாரால் முற்றும் விட இயலாது. ஆகவே தற்காப்புக் கலை தகும் என்று விடை கூறி முடித்துவிடலாம். ஆயினும் அவ்விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. உலகில் அடித்தவர் எவரும் 'காத்துக்கொள்ளவே அடித்தேன்' என்றுதானே சொல்வர்? அந்தச் சலுகை வாயிலின் வழியே கோபமும் செருக்கும் நுழைந்துவிடாதோ? தத்துவார்த்த சூத்திரமோ, பிரமாதத்திற்கு ஆட்பட்ட மனத்தால் உயிருக்கு விளையும் ஊறே இம்சை என வரையறுக்கிறது. எனவே கையைப் பார்த்தால் போதாது. கையை இயக்கும் மனத்தையும் பார்க்க வேண்டும்.

ஞாயிறு மாலை அதற்கோர் எடுத்துக்காட்டு கிடைத்தது. ஜூடோவில், பிடியில் அகப்பட்டவர் இருமுறை தட்டினால், பிடித்தவர் அக்கணமே விட்டுவிட வேண்டும். அது மீறலாகாத விதி. என் பேத்தி தன் வயதுப் பெண் ஒருத்தியைத் தரையில் அழுத்திப் பிடித்திருந்தாள். அப்பெண் தட்டினாள். பேத்தி விடவில்லை. மீண்டும் தட்டினாள். அதன் பிறகே விட்டாள். பயிற்சியாளர் அதட்டவில்லை, அவளை வணங்கச் செய்து, அன்றைய ஆட்டம் முடியும் வரை வெளியே அமர்த்திவிட்டார்.

"அவள் தட்டியது கேட்கவில்லையா, கண்ணு?" என்று வினவினேன். தலைகுனிந்தவாறே, "கேட்டது பாட்டி. இன்னும் கொஞ்சம் ஜெயிக்க வேண்டும் போலிருந்தது" என்றாள்.

அச்சொல் என்னைச் சுட்டது. நான் சிலம்பம் ஏந்தியவள் அல்லள்; பிரம்பு ஏந்தியவள். 1978ஆம் ஆண்டு, ஐந்தாம் வகுப்பில், வாய்ப்பாடு ஒப்புவிக்காத ஒரு சிறுவனை அடித்தேன். இரண்டாம் அடியிலேயே, "இனிப் படித்து வருகிறேன், டீச்சர்" என்று கை கூப்பினான். நான் மூன்றாவதும் அடித்தேன். முதல் இரண்டையும் கண்டிப்பு என்று அன்று நினைத்தேன். மூன்றாவதை எப்பெயரிட்டு அழைப்பது? அவனுக்காக அன்று, என் சினத்திற்காக அடித்தது அது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையைத் தடை செய்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். எனக்கு விதி கற்பித்து வெளியே அமர்த்த அன்று எவரும் இல்லை.

பாகுபலியின் வரலாற்றை நாம் அறிவோம். படைகள் மோதாமல் உடன்பிறந்தார் இருவரும் கண்ணாலும் நீராலும் மல்லாலும் போரிட்டனர். மல்போரில் பரதனைத் தலைக்கு மேல் தூக்கிய பாகுபலி, தமையன் என்று மதித்துத் தரையில் மோதாது விடுத்தார். வெற்றி கைக்கு வந்த அந்த நொடியிலேதான் துறவின் வித்தும் விழுந்தது. பத்தாம் நூற்றாண்டில் சிரவணபெளகுளத்தில் அவருக்குப் பேருருவம் எடுப்பித்த சாமுண்டராயரும் ஒரு படைத்தலைவரே. வலிமை அறத்திற்குப் பகையன்று. விடவேண்டிய கணத்தில் விடாமையே பகை. வலிமையே இல்லாதவரும் நாவாலும் பார்வையாலும் பிறரைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாதிருக்கக் கூடுமன்றோ?

வீடு திரும்பியதும் மகனிடம் நிகழ்ந்ததைக் கூறினேன். "அவள் தவறு செய்தாளே, பின்னும் அனுப்பச் சொல்கிறீர்களா?" என்று கேட்டான். "அத்தவறு அவளுக்குள் முன்பே இருந்தது, அப்பா. அங்கேதான் அது வெளிப்பட்டது; அங்கே அதற்கு ஒரு விதியும் இருக்கிறது" என்றேன். அவன் இன்னும் முழுமையாக உடன்படவில்லை. ஆயினும் வாரம் ஒருமுறை தானே அவளை அழைத்துச் செல்கிறான்.

அன்றிரவு பேத்தி என்னருகே அமர்ந்து பிரதிக்கிரமணம் செய்தாள். அப்பெண்ணின் பெயரைச் சொல்லி மன்னிப்பு வேண்டினாள். ஆண்டுதோறும் தசலட்சண பருவத்தின் முடிவில் எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டி வருகிறேன் நான். அச்சிறுவனின் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. எல்லா உயிர் என்பதற்குள் ஓர் உயிரை மறைத்து வைப்பது எளிது. அவனுக்கு இப்போது ஐம்பத்தேழு வயதிருக்கும். பழைய மாணவர் ஒருவர் வழியே முகவரி பெற்றிருக்கிறேன். கடிதம் எழுதத் தொடங்கியும்விட்டேன்.

நம் ஒவ்வொருவர் கையிலும், தட்டியும் விடப்படாத ஏதேனும் ஒரு பிடி இருக்கக் கூடும். சிந்திப்போமாக.