கொக்கி இல்லாத பாடி

அம்மாயி வீட்டுத் தகரப்பெட்டியில், வார இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்த தொடர்கதைகள் இருந்தன. பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் பெரியவர்கள் போனதும் நானும் பெரியம்மா மகளும் அவற்றைப் பிரிப்போம். கதைக்காக அல்ல. கதையின் முதுகில் ஒட்டிக்கொண்டு தப்பி வந்த விளம்பரங்களுக்காக. கூந்தல் தைலம், ஸ்நோ, மில் புடவை, எப்போதாவது ஒரு ‘பாடி’.

பிரா என்ற சொல் அப்போது எங்கள் வீட்டுக்கு வந்திருக்கவில்லை. பாடிஸ் தேய்ந்து பாடி. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பிணத்துக்கும் அதே சொல்தான்.

அந்தப் பெண்களை ஒரே இழுப்பில் வரைந்திருப்பார்கள். நீண்ட கழுத்து, கூர்ந்த விரல்கள், வியர்வையோ தழும்போ இல்லாத தோல். புகைப்படமென்றால் யாரோ ஒருத்தி கூலிக்கு விளக்கொளியில் நிற்க வேண்டும். ஓவியத்தில் அப்படி யாரும் நிற்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். ஆனால் யாருமே இல்லை என்பதுதான் சிக்கல். புகைப்படத்துப் பெண்ணுக்கும் வயதாகும், அவளும் பிள்ளை பெற்றுத் தளர்வாள். கோட்டுக்கு அது நடக்காது. அமெரிக்காவில் லெய்ன்டெக்கர் வரைந்த ஆரோ காலர் ஆணுக்குக் காதல் கடிதங்கள் வந்தனவாம். நாங்கள் அவளுக்குக் கடிதம் எழுதவில்லை, அவளாகிவிடப் பார்த்தோம்.

அம்மாயி ரவிக்கை போடாதவர். ஒருநாள் படத்தைப் பார்த்துவிட்டு, “இவளுக்கு மூச்சு முட்டாதா கண்ணு?” என்று சிரித்தார். அவரால் சிரிக்க முடிந்தது. ரவிக்கை இல்லாமை எல்லோருக்கும் ஒன்றல்லவே. தென் திருவிதாங்கூரில் மார்பை மறைத்ததற்காக நாடார் பெண்களின் துணியைக் கிழித்தார்கள். 1859இல்தான் அரச அறிவிப்பு அவர்களை மறைத்துக்கொள்ள அனுமதித்தது, அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. நூறாண்டு கழித்து எங்கள் தகரப்பெட்டிக்குள் வந்தவளும் அந்த மேல்சாதிப் பெண்ணின் சாயலில்தான் இருந்தாள். அவள் கையில் முறமோ களைக்கொத்தோ ஒருபோதும் இருந்ததில்லை.

பெண்களை இழிவாகச் சித்தரிப்பதைத் தடுக்கும் 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஓவியத்தையும் சேர்த்தே பேசுகிறது. எவ்வளவு காட்டினார்கள் என்பது அதன் கவலை. யாரைக் காட்டவே இல்லை என்பது என் கவலை. அதற்குச் சட்டம் போட முடியுமா, தெரியவில்லை.

அந்தப் பக்கங்களை அப்புச்சி திண்ணையில் உட்கார்ந்து புரட்டுவார். யாரும் கூசவில்லை. அதே வீட்டில் அம்மாவின் பாடி மட்டும் கொடியில் துண்டுக்கு அடியில் காய்ந்தது. காய்ந்தது என்று எங்கே சொல்ல, அரை ஈரத்தோடு எடுத்துப் போட்டுக்கொள்வார். மார்புக்குக் கீழே வருஷக்கணக்கில் படை. டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு மஞ்சள் பூசிக்கொண்டார்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு பக்கத்தை இன்றும் வைத்திருக்கிறேன். பிடித்திருக்கிறது, வேறென்ன சொல்ல. பின்பக்கத்துக் கதையில் கதாநாயகி யாருக்காகவோ காத்திருக்கிறாள். இந்தப் பக்கத்தில் ஒருத்தி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறாள். இடுப்பில் பிள்ளை இல்லை, அடுப்பில் உலை இல்லை, கதவை யாரும் தட்டவில்லை. அறையில் தனியாக இருக்கும் பெண்ணை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். விற்பதற்காக வரைந்த தனிமைதான் அது. இருந்தாலும் எங்கள் வீட்டில் அதுகூட யாருக்கும் கிடைக்கவில்லை.

சென்ற மாதம் வகுப்பில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசி பெஞ்சுக்காரி மட்டும் எழுந்து வந்து, குனிந்து, வெகுநேரம் பார்த்தாள்.

“மேடம், இதுல கொக்கியே இல்லையே. எப்படிப் போட்டா?”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வரைந்தவர் கொக்கி வைக்க மறந்திருந்தார்.