அஞ்சி நடத்தல்: கரடிகள் வாழும் மலையில் புனிதம் பற்றிய ஒரு விசாரணை

தன்னைக் கொல்லும் வலிமையுடைய விலங்கு உலவும் இடத்துக்கு, பிழைப்புத் தேவையோ வேறு கட்டாயமோ இல்லாதபோதும் மனிதன் விரும்பிச் செல்வதை அறம் எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பது சமய மெய்யியல் எதிர்கொள்ள வேண்டிய கேள்விகளுள் ஒன்றாகும். உயிரிரக்கம் பற்றியும் கொல்லாமை பற்றியும் சமயங்கள் விரிவாகப் பேசியிருக்கின்றன என்றாலும், அப்பேச்சில் பெரும்பாலும் மனிதனே வலியவனாகவும் விலங்கு அவனது கருணையை எதிர்நோக்கி நிற்பதாகவும் கொள்ளப்படுகிறது. அந்த நிலை தலைகீழாகி, மனிதனே இன்னோர் உயிருக்கு இரையாகவும் கூடும் என்ற இடத்தில் அவனுள் எழும் அச்சத்துக்குச் சமய மதிப்பு ஏதேனும் உண்டா, அல்லது அறிவாலும் கருவியாலும் போக்கப்பட வேண்டிய குறைபாடு மட்டும்தானா என்று கேட்க வேண்டியிருக்கிறது. வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் கரடிகள் வாழும் தேசியப் பூங்காக்களின் நடைபாதைகள் இக்கேள்வியை ஏட்டளவில் நிறுத்திவிடாமல், நடப்பவர் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் எழுப்புகின்றன.

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் கனடா எல்லையை ஒட்டி அமைந்துள்ள கிளேசியர் தேசியப் பூங்கா 1910ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. சுமார் 4,100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பூங்காவில், பனியாறுகள் குடைந்து சென்ற பள்ளத்தாக்குகளையும் ஏரிகளையும் கணவாய்களையும் இணைத்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நடைபாதைகள் செல்கின்றன. கருங்கரடிகளோடு, பழுப்புக் கரடி இனத்தின் வட அமெரிக்க வகையான கிரிஸ்லி கரடிகளும் இங்கு வாழ்கின்றன. தோளின் மேல் தசைத் திமிலும் மண்ணைத் தோண்டுவதற்கேற்ற நீண்ட நகங்களும் கொண்ட கிரிஸ்லி, வேட்டையாலும் வாழிட இழப்பாலும் பெரிதும் அருகிவிட்டதால், அலாஸ்கா நீங்கலான அமெரிக்க மாநிலங்களில் 1975ஆம் ஆண்டு சட்டப் பாதுகாப்புக்கு உள்ளானது. காலையில் புறப்பட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடும் ஒருநாள் நடையினரே இப்பாதைகளில் மிகுதி. 2,026 மீட்டர் உயரத்திலுள்ள லோகன் கணவாயிலிருந்து, செங்குத்துப் பாறைச் சுவரின் விளிம்பில் பற்றிச் செல்லக் கம்பிவடம் பொருத்தப்பட்ட ஒடுங்கிய தடத்தைக் கடந்து, கிரானைட் பார்க் என்னுமிடத்திலுள்ள பழைய கல்விடுதி வரை சுமார் 12 கிலோமீட்டர் நீளும் ஹைலைன் பாதை அவற்றுள் புகழ்பெற்றது.

இப்பாதைகளில் நடப்பவர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகள், மேலோட்டமாகப் பார்த்தால் பாதுகாப்பு விதிகளாகத் தோன்றினாலும், கூர்ந்து நோக்கினால் ஒரு விரதத்தின் அமைப்பைக் கொண்டிருப்பது விளங்கும். தனியே செல்லாமல் குழுவாகச் செல்ல வேண்டும். விடியற்காலையிலும் அந்திக்குப் பின்னும் நடப்பதைத் தவிர்க்க வேண்டும். நீரோடையின் இரைச்சல் காலடி ஓசையை விழுங்கும் இடங்களிலும், புதர் அடர்ந்த வளைவுகளிலும், ஹக்கிள்பெரி என்னும் கருநீலக் காட்டுப்பழம் பழுத்திருக்கும் சரிவுகளிலும் உரக்கக் குரல் கொடுத்தும் கைதட்டியும் தன் வருகையை அறிவிக்க வேண்டும். பையில் கட்டித் தொங்கவிடும் சிறுமணியின் ஓசை இதற்குப் போதாது என்று பூங்கா நிர்வாகம் எச்சரிக்கிறது. கரடிக்கும் தமக்கும் இடையே குறைந்தது 91 மீட்டர் தொலைவு விட வேண்டும். மிளகாயின் காரச்சத்து அடைத்த தெளிப்பானைப் பைக்குள் புதைத்து வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். உணவின் மிச்சம் எதையும் விட்டுவரக் கூடாது. கரடியைக் கண்டால் ஓடவே கூடாது. குட்டிகளுடன் இருக்கும் தாயையோ, இறந்த விலங்கின் உடலைக் காத்து நிற்கும் கரடியையோ எதிர்பாராமல் நெருங்கிவிடுவதே பெரும்பாலான தாக்குதல்களுக்குக் காரணம் என்பதால், இவ்விதிகளின் சாரம் ஒன்றே: இன்னோர் உயிரின் வாழ்வுக்குள் முன்னறிவிப்பின்றி நுழையாதே.

மலைகளின் பேருருவமும் அச்சமும் ஐரோப்பிய மெய்யியலில் 'உன்னதம்' என்ற கருத்தின்கீழ் ஆராயப்பட்டவை. அழகு மனத்தை அமைதிப்படுத்துவது, உன்னதமோ அச்சத்தோடு கலந்த வியப்பை எழுப்புவது என்று எட்மண்ட் பர்க் 1757இல் வகுத்தார். இமானுவேல் கான்ட் 1790இல் வெளியிட்ட நூலில் இதை மேலும் நுணுக்கி, புயலும் எரிமலையும் அருவியும் நம்மை ஈர்ப்பது நாம் பாதுகாப்பான இடத்தில் நிற்கும்போதுதான் என்றும், அவ்வேளையில் இயற்கையின் பேராற்றலுக்கும் மேலான பகுத்தறிவு தன்னுள் இருப்பதை மனிதன் உணர்வதே உன்னத உணர்வின் பயன் என்றும் விளக்கினார். கான்ட்டின் விளக்கத்தில் மலை ஒரு காட்சியாகவும் மனிதன் அதைக் காண்பவனாகவும் நிற்கின்றனர். முடிவில் உயர்ந்தவன் மனிதனே. கரடிகளின் பாதையில் நடப்பவருக்கோ அந்தப் பாதுகாப்பான பார்வையாளர் இருக்கை கிடையாது. புல்வெளியில் கிளேசியர் லில்லியின் கிழங்குகளைத் தேடிக் கிரிஸ்லி தோண்டிய மண், கலப்பை ஓட்டிய வயல்போலப் பாதையோரத்தில் ஈரம் காயாமல் புரண்டு கிடப்பதைக் காணும்போது, காண்பவராக வந்தவர் தாமும் காணப்படக்கூடியவர் என்பதை அறிகிறார். பகுத்தறிவின் மேன்மையை எண்ணி நிறைவடைய அங்கே இடமில்லை. அது செய்யக்கூடியதெல்லாம் அவரைக் கவனமாக நடக்கச் செய்வதே.

இவ்வனுபவத்துக்கு நெருங்கி வரும் விளக்கத்தை ஜெர்மானிய இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ 1917இல் அளித்தார். புனிதம் என்பதை ஒழுக்க நன்மையாக மட்டும் சுருக்கிவிட முடியாது என்றும், அதன் ஆழத்தில் நடுங்கவைக்கும் தன்மையும் ஈர்க்கும் தன்மையும் பிரிக்க முடியாதபடி பிணைந்த ஒரு மறைபொருள் உணர்வு இருக்கிறது என்றும் அவர் வாதிட்டார். தமிழ் மரபுக்கு இந்தப் பிணைப்பு அந்நியமானதன்று. அச்சம் தோன்றும் நிலைக்களன்கள் நான்கினை வகுக்கும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், தெய்வ ஆற்றலான அணங்கையும் கொடிய விலங்கையும் அடுத்தடுத்து வைத்து, அவற்றோடு கள்வரையும் தலைவரையும் சேர்க்கிறது. அஞ்சத்தக்கவற்றுக்கு அஞ்சுவதை வள்ளுவர் கோழைமையாகக் கொள்ளாமல், அறிவுடைமை அதிகாரத்தில் அறிவின் செயலாகவே வைக்கிறார். ஆகவே அச்சம் இருவகைப்படும் என்று கொள்ளலாம்: ஒன்று, தன்னுயிரையே நினைந்து சுருங்கி, அஞ்சப்பட்டதை அழிக்கத் தூண்டுவது; மற்றொன்று, எதிரிலுள்ளதன் ஆற்றலையும் தனித்தன்மையையும் ஒப்புக்கொண்டு தன் நடையைத் திருத்திக்கொள்ளச் செய்வது. இரண்டாவதையே பக்தி நூல்கள் பயபக்தி என்ற ஒரே சொல்லில் அடக்குகின்றன.

ஆபத்தை இவ்வாறு புனிதமாக்குவது, உயிரிழந்தோரின் துயரைப் பொருட்படுத்தாத கற்பனை மனப்பான்மை ஆகாதா என்ற மறுப்பு எழலாம். அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1967 ஆகஸ்ட் 12க்கும் 13க்கும் இடைப்பட்ட இரவில், கிளேசியர் பூங்காவின் வெவ்வேறு இரு இடங்களில் வெவ்வேறு கிரிஸ்லிகளால் இரண்டு இளம்பெண்கள் கொல்லப்பட்டனர். பூங்காவின் வரலாற்றில் கரடியால் நேர்ந்த முதல் மரணங்கள் அவையே. அவற்றின் பின்னணி இவ்விசாரணைக்கு முக்கியமானது. கிரானைட் பார்க் விடுதியின் உணவுக்கழிவு வெளியே கொட்டப்பட்டு, அதைத் தின்ன இரவுதோறும் வரும் கரடிகளைக் காண்பது விருந்தினரின் பொழுதுபோக்காக இருந்தது. மற்றோர் இடமான டிரவுட் ஏரிப் பகுதியில் திரிந்த கரடியும் மனிதர் விட்டுச் சென்ற உணவுக்குப் பழகியிருந்தது. அஞ்சத்தக்க உயிரைக் கேளிக்கைப் பொருளாக மாற்றியதன் விலையை, அம்மாற்றத்தில் பங்கில்லாத இருவர் தம் உயிரால் கொடுத்தனர். பின்னர் கரடிகளும் சுட்டுக் கொல்லப்பட்டன. குப்பையை அகற்றுதல், உணவைக் கரடிக்கு எட்டாமல் காத்தல், தேவையானபோது பாதைகளை மூடுதல் ஆகிய கடுமையான நடைமுறைகள் அதன் பிறகே வலுப்பெற்றன. அவ்விரவு கற்பிப்பது ஆபத்தின் பெருமையை அன்று. அச்சம் அற்றுப்போன இடத்தில் மரியாதையும் அற்றுப்போகிறது என்பதையே.

அதே 1967ஆம் ஆண்டில் வரலாற்றாசிரியர் லின் வைட், சூழலியல் நெருக்கடியின் வேர் மேற்கத்தியக் கிறித்தவத்தின் மனித மையப் பார்வையில் இருப்பதாக ஒரு கட்டுரையில் வாதிட்டார். விவிலியத்தின் தொடக்க நூல் மனிதனுக்கு உயிர்கள்மீது ஆளுகை அளிப்பதை அவர் சுட்டியது சரியே. ஆயினும் அதே விவிலியத்தின் யோபு நூல் நேர்மாறான திசையில் செல்கிறது. குற்றமின்றித் துன்புற்ற யோபு நீதி கேட்கும்போது, கடவுள் அவனது துன்பத்துக்குக் காரணம் கூறாமல், மனிதர் எவரும் வாழாத பாலையில் பெய்யும் மழையையும், இரை தேடும் சிங்கத்தையும், மனிதக் கண் படாமல் ஈனும் மலையாட்டையும், எவராலும் அடக்க இயலாத பெருவிலங்குகளையும் காட்டுகிறார். மனிதனுக்குப் பயன்படுவதால்தான் படைப்பு மதிப்புப் பெறுகிறது என்ற எண்ணம் அங்கே உடைகிறது. கரடி மனிதனுக்கு மரியாதை திருப்பிச் செலுத்தாது, அதற்கு அறவுணர்வு இல்லை என்பதால் அதற்கு நாம் கடன்பட்டவரல்லர் என்று வாதிடுவோருக்கும் இதில் விடை இருக்கிறது: ஓர் உயிரின் மதிப்பு, அது நமக்கு என்ன தருகிறது என்பதைப் பொறுத்ததன்று.

ஆஸ்திரேலிய மெய்யியலாளர் வால் பிளம்வுட் இவ்வுண்மையைத் தம் உடலாலேயே அறிந்தவர். 1985இல் காக்காடு தேசியப் பூங்காவில் உவர்நீர் முதலை ஒன்று அவரைக் கவ்வி நீருக்குள் மீண்டும் மீண்டும் சுழற்றியது. கடுங்காயங்களுடன் உயிர்தப்பிய அவர், அம்முதலையைப் பழிவாங்கக் கொல்வதை எதிர்த்தார். மனிதனைப் பிற உயிர்களுக்கு அப்பாற்பட்டவனாகக் கருதும் பண்பாடு, தானும் உணவுச் சங்கிலியின் ஒரு கண்ணி என்பதை ஏற்க மறுக்கிறது என்பதும், இரையாகும் வாய்ப்பை ஒப்புக்கொள்வது மனித மாண்பைக் குறைப்பதாகாது என்பதும் அவர் எழுத்துகளின் சாரம்.

பணிவைப் பேசும்போது வரலாற்றையும் நேர்மையாகப் பேசியாக வேண்டும். காட்டுநிலத்தில் மனிதன் தங்கிவிடாத வருகையாளன் என்பது 1964ஆம் ஆண்டின் அமெரிக்கக் காட்டுநிலச் சட்டம் முன்வைத்த கருத்து. ஒருநாள் நடையினர் அதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. எனினும் கிளேசியர் மலைகள் ஆளற்ற நிலமாக இருந்ததில்லை. அவற்றை உலகின் முதுகெலும்பு என்று போற்றும் பிளாக்ஃபீட் மக்கள், பஞ்சமும் வறுமையும் நெருக்கிய காலத்தில், 1895ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழியே மலைப்பகுதியை அரசுக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் அவர்கள் அதில் காத்துக்கொண்ட உரிமைகள் பூங்கா அமைந்த பின் மறுக்கப்பட்டன. கரடியிடம் பணிவு காட்டி, அக்கரடியோடு தலைமுறைகளாக அந்நிலத்தைப் பகிர்ந்து வாழ்ந்த மக்களை மறப்பது பணிவாகாது. வருகையாளர் என்ற சொல் மானுடம் முழுவதற்கும் பொருந்துவதன்று. வெளியிலிருந்து வருவோருக்கே அது பொருந்தும்.

இக்கருத்துகள் யாவும் ஓரிடத்தில் செயல்வடிவம் பெறுவதை லோகன் கணவாயில் காணலாம். அங்கிருந்து ஹிட்டன் ஏரியை நோக்கிச் செல்லும் பாதை ஒரு காட்சிமேடை வரை ஏறி, பின் ஏரிக்கரைக்கு இறங்குகிறது. கோடையின் தொடக்கத்தில் ஏரிநீர் வெளியேறும் வாயிலில் கட்த்ரோட் டிரவுட் மீன்கள் முட்டையிடத் திரள்கின்றன. அவற்றை உண்ணக் கரடிகளும் கூடுகின்றன. அத்தகைய நாள்களில் காட்சிமேடைக்கு அப்பாலுள்ள பாதை மூடப்படுகிறது. நெடுந்தொலைவு பயணம் செய்து வந்தவர்கள், கண்ணுக்கு எதிரே ஏரி தெரிந்தும், ஓர் அறிவிப்புப் பலகையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் திரும்புகின்றனர். மீனும் கரடியும் தத்தம் வாழ்வை நடத்திக்கொள்வதற்காக, செல்லும் வலிமையுள்ள மனிதன் செல்லாதிருக்கிறான். துறவு என்று சமயங்கள் உயர்த்திப் பேசும் பண்பு, இருந்தும் கொள்ளாமையும் இயன்றும் செய்யாமையும் ஆகும் என்றால், அப்பலகையின் முன் நிகழ்வதும் துறவின் ஓர் எளிய வடிவமே.

எனவே தொடக்கக் கேள்விக்கு இவ்வாறு விடை கூறலாம்: கரடிகள் வாழும் மலைக்கு மனிதன் செல்வது தவறன்று, அஞ்சாமல் செல்வதே தவறு. நடுக்கத்தில் முடங்கிவிடாமல், குரல் கொடுப்பதிலும் விலகி நிற்பதிலும் மிச்சத்தைச் சுமந்து திரும்புவதிலும் வெளிப்படும் அச்சம் சமய மதிப்புடையது. அது பிற உயிரை அதன் போக்கிலேயே வாழவிடுகிறது. அம்மலைகளுக்குச் செல்ல வாய்ப்புப் பெறுவோர், பாதை திறந்திருக்கும்போது நடக்கும் அதே மகிழ்ச்சியோடு, அது மூடப்பட்டிருக்கும்போது திரும்பவும் பழக வேண்டும்; அந்தப் பழக்கம் வேரூன்றாத வரை, எத்தனை பூங்காக்கள் அமைத்தாலும் கரடிக்கும் மனிதனுக்கும் பாதுகாப்பு இல்லை.